குழுக்கள் தாமாகக் காலாவதியாகும்போது: நிர்வாகிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூருக்கு அருகில் உள்ள ஒரு காலணி ஏற்றுமதித் தொழிற்சாலையில், ஒரு பிப்ரவரி 9 அன்று, மாதிரிப் பிரிவு ஊழியர் ஒருவர் சென்ற பருவத்துத் தோலின் பரிசோதனை அறிக்கையைத் தேடி, மைக்ரோசாஃப்டின் அலுவலக உரையாடல் செயலியான டீம்ஸைத் திறந்தார். ஐரோப்பிய வாங்குநர் அன்று மாலைக்குள் அதைக் கேட்டிருந்தார். அந்தப் பருவத்துக்கென்று வைத்திருந்த குழு பட்டியலிலேயே இல்லை. தேடல் பெட்டியில் குழுவின் பெயரை மூன்று விதமாகத் தட்டிப் பார்த்தவர், நெட் சரியில்லை என்று முடிவு செய்து சாப்பிடப் போய்விட்டார். வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கும் என்னை அவர்கள் அழைத்தபோது மணி நான்கு. குழு ஜனவரி 14 அன்றே காலாவதியாகி நீக்கப்பட்டிருந்தது. மீட்பதற்கு நான்கு நாட்களே மிச்சம் இருந்தன.

பயன்படாமல் கிடக்கும் மைக்ரோசாஃப்ட் 365 குழுக்களைத் தாமாக நீக்கும் காலாவதிக் கொள்கை, நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் எண்ட்ரா ஐடியில் (2023 வரை அஸூர் ஆக்டிவ் டைரக்டரி) அமைக்கப்படுகிறது. குழுவின் ஆயுளை 180 நாட்கள், 365 நாட்கள் அல்லது குறைந்தது 30 நாட்களாக நாமே குறிக்கும் ஓர் எண் என வைக்கலாம். ஆயுள் முடிவதற்கு 30 நாட்கள், 15 நாட்கள், ஒரு நாள் முன்பாக உரிமையாளருக்கு மின்னஞ்சல் போகும். எவரும் புதுப்பிக்காவிட்டால் குழுவும், அதனுடன் இணைந்த டீம்ஸ் உரையாடல்கள், ஷேர்பாயிண்ட் கோப்புகள், பிளானர் பணிகள், குழுவின் அஞ்சல் பெட்டி ஆகிய அனைத்தும் சேர்ந்து நீங்கிவிடும். அடுத்த 30 நாட்களுக்குள் நிர்வாகி அதை மீட்கலாம், அதன்பின் முடியாது. ஷேர்பாயிண்ட் குப்பைத் தொட்டியில் அழித்த கோப்பு 93 நாட்கள் இருக்கும் என்ற நினைவில் குழுவுக்கும் அதே அவகாசம் உண்டு என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு நிறுவனத்தின் ஓராண்டு உழைப்பை விழுங்கிவிடக்கூடும்.

அந்தத் தொழிற்சாலையில் நடந்த முதல் தவறு, தேதியைப் பார்க்காமல் கொள்கையை இயக்கியது. கொள்கையை முதன்முறையாக இயக்கும் நாளில், குறித்த ஆயுளை ஏற்கெனவே தாண்டிவிட்ட பழைய குழுக்கள் உடனே நீக்கப்படுவதில்லை; அவற்றுக்கு 35 நாட்கள் தவணை தரப்படுகிறது. அவர்கள் டிசம்பர் 10 அன்று, 180 நாள் ஆயுளுடன், எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து அதை இயக்கியிருந்தார்கள். தவணை முடிந்த நாள் ஜனவரி 14. போகிக்கும் பொங்கலுக்கும் தொழிற்சாலை பூட்டிக் கிடக்கும் நேரத்தில், கடைசி எச்சரிக்கை மின்னஞ்சல் யாரும் பார்க்காத பெட்டிகளில் போய் விழுந்தது. பழையன கழிதலுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது என்று பின்னர் அந்த மேலாளர் சிரித்தார். அன்று மாலை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கொள்கையை இயக்கும் நாளிலிருந்து 35 நாட்களை நாள்காட்டியில் எண்ணிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவது தவறுதான் நான் அடிக்கடி பார்ப்பது. சேதமும் இதில்தான் அதிகம். உரிமையாளர் இல்லாத குழுக்களுக்கான எச்சரிக்கையை அனுப்புவதற்கென்று கொள்கைப் பக்கத்தில் ஒரு மாற்று முகவரி கேட்கப்படுகிறது. அதை நிரப்பிவிட்டால் பாதுகாப்பு முழுமையாகிவிட்டது என்று நிர்வாகிகள் நினைக்கிறார்கள். ஆனால் அந்த முகவரிக்கு மின்னஞ்சல் போவது, குழுவுக்கு ஓர் உரிமையாளர்கூட இல்லாதபோது மட்டுமே. மாதிரிப் பிரிவின் பொறுப்பாளர் சென்னையில் வேலை கிடைத்துப் போனபோது, அவருடைய கணக்கை அழிக்காமல், உள்நுழைவை மட்டும் தடுத்து வைத்திருந்தார்கள். ஆகவே கணினியின் பார்வையில் குழுவுக்கு உரிமையாளர் இருந்தார். மூன்று எச்சரிக்கைகளும் திறக்க ஆளில்லாத அவருடைய பெட்டிக்குச் சென்றன. மாற்று முகவரிக்கு ஒன்றுகூட வரவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரின் பெயருக்கே மின்கட்டண அறிவிப்பு வந்துகொண்டிருப்பது போன்ற நிலை இது.

எனவே கொள்கையைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு குழுவுக்கும் வேலையில் இருக்கும் இரண்டு உரிமையாளர்களாவது இருக்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டும். ஊழியர் விலகும்போது மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் திரும்பப் பெறும் அதே படிவத்தில், அவர் உரிமையாளராக உள்ள குழுக்களை யாரிடம் ஒப்படைப்பது என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் அடங்கிவிடும். மாற்று முகவரியாகத் தனி ஒரு நிர்வாகியின் பெயரைக் கொடுக்காமல், இரண்டு மூன்று பேர் பார்க்கும் பொது அஞ்சல் பெட்டியைக் கொடுப்பதே நல்லது. அந்த நிர்வாகியும் ஒருநாள் வேலை மாறக்கூடும்.

உரிமையாளர் பணியில் இருந்தும் மின்னஞ்சலைத் திறக்காமல் விட்ட நிகழ்வுகளும் உண்டு. ராணிப்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில், உற்பத்தி மேற்பார்வையாளர் அந்த எச்சரிக்கையை மோசடி மின்னஞ்சல் என்று எண்ணி அழித்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘உங்கள் கணக்கு காலாவதியாகிறது, இந்தப் பொத்தானை அழுத்துங்கள்’ என்று வரும் மின்னஞ்சலைத் தொடவே கூடாது என்று மூன்று மாதங்களுக்கு முன் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களே, அதே சாயலில் ஒரு மின்னஞ்சலை முன்னறிவிப்பின்றி அவருக்கு வர வைத்தார்கள். அந்த எச்சரிக்கை எப்படி இருக்கும், எந்த நாட்களில் வரும் என்பதைக் கொள்கையை இயக்கும் முன்பே தமிழில் எழுதி, அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸாப்பிலும் தெரிவிக்க வேண்டும். மின்னஞ்சல் பொத்தானை அழுத்தத் தயங்குபவர்களுக்கு, டீம்ஸில் குழுவின் அமைப்புகளுக்குள் சென்று அங்கிருந்தே புதுப்பிக்கும் வழியைக் காட்டிக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

பயன்பாட்டில் உள்ள குழு தானாகவே புதுப்பிக்கப்படும் என்பது உண்மை. எது பயன்பாடாகக் கருதப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் தவறு. டீம்ஸில் ஒரு சேனலைத் திறந்து பார்ப்பது, ஷேர்பாயிண்டில் கோப்பைப் பார்ப்பது, திருத்துவது, பதிவேற்றுவது, அவுட்லுக்கில் குழுவின் இடத்துக்குள் சென்று செய்தியைப் படிப்பது போன்றவை கணக்கில் வரும். ஷேர்பாயிண்ட் தளத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பது மட்டும் கணக்கில் வராது. அறிவிப்புகளையும் விடுமுறைப் பட்டியலையும் பக்கங்களாக வெளியிட்டு, ஊழியர் அனைவரும் தினமும் பார்க்கும் ஒரு மனிதவளக் குழு, கொள்கையின் கண்ணுக்கு ஆளரவமற்ற வீடாகவே தெரியலாம். தன் சொந்த இன்பாக்ஸில் வந்து விழும் செய்தியைப் படிப்பதே குழுவைக் காப்பாற்றும் என்றும் நம்பியிருக்கக் கூடாது.

எல்லாக் குழுக்களையும் ஒரே நாளில் கொள்கைக்குள் கொண்டுவருவது, ஆற்றின் ஆழம் பார்க்காமல் இரண்டு காலையும் விடுவதாகும். மைக்ரோசாஃப்ட் 365 குழுக்களுக்கு ஒரு நிறுவனத்தில் ஒரே ஒரு காலாவதிக் கொள்கைதான் இருக்க முடியும். துறைக்கு ஓர் ஆயுள், திட்டத்துக்கு ஓர் ஆயுள் என்று பிரித்து வைக்க இயலாது. அதற்கு மாற்றாக, தேர்ந்தெடுத்த குழுக்களுக்கு மட்டும் என்ற தெரிவு உள்ளது. அதில் 500 குழுக்கள் வரை சேர்க்கலாம், சேராதவை காலாவதியாகா. கல்லூரிகள் மிகுந்த நம் வட்டாரத்துக்கு இந்தத் தெரிவு மிகவும் உதவும். மாணவர் திட்டக் குழுக்களை உள்ளே வைத்துவிட்டு, நவம்பரிலும் ஏப்ரலிலும் மட்டும் உயிர்பெறும் தேர்வுக் குழுவையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லூரிகளுக்கான நாக் தர மதிப்பீட்டுக்காகத் திறக்கப்படும் ஆவணக் குழுவையும் வெளியே நிறுத்திவிடலாம்.

பெயரைப் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும் ஏமாற்றும். 1989இல் வட ஆற்காடு பிரிந்த பிறகும் நம் பெரியவர்கள் அந்தப் பெயரை விடவில்லை; 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றான பிறகும் எனக்குத் தெரிந்த ஒரு விநியோக நிறுவனத்தில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கிளைகளின் பழைய ஒப்பந்தங்கள் எல்லாம் ‘வேலூர் மாவட்டம்’ என்ற குழுவிலேயே இருக்கின்றன. கிளைகளுக்குத் தனித்தனிக் குழுக்கள் வந்துவிட்டதால் பழையது தேவையற்றது என்று கருதிய நிர்வாகி, கோப்புகளைத் திறந்து பார்த்த பின்னரே தன் பட்டியலைத் திருத்தினார்.

குழுவை டீம்ஸில் ஆவணப்படுத்தி (ஆர்க்கைவ் செய்து) வைத்துவிட்டால் காலாவதி அதைத் தொடாது என்ற எண்ணமும் தவறானது. ஆவணப்படுத்தல் டீம்ஸுக்குள் எழுதுவதை நிறுத்துகிறதே தவிர, அடியில் உள்ள குழு கொள்கைக்கு உட்பட்டே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் தரவுப் பாதுகாப்புச் சேவையான பர்வியூவில் அமைக்கப்படும் தக்கவைப்புக் கொள்கை வேறு வகை. அது இருந்தால் குழு காலாவதியான பிறகும் அஞ்சல்களும் கோப்புகளும் உரிய காலம் வரை பாதுகாக்கப்படும். ஆனால் ஊழியர்களின் கண்ணுக்கு அவை தெரியமாட்டா, நிர்வாகி மின்னணுச் சான்றுத் தேடல் (ஈடிஸ்கவரி) வழியாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வரித்துறைக்கும் தணிக்கைக்கும் வேண்டிய ஆவணங்களுக்கு இதுவே உரிய ஏற்பாடு.

உரிமத்தைப் பற்றி ஒரு சொல். இந்த வசதிக்கு எண்ட்ரா ஐடி பி1 உரிமம் தேவை. கொள்கைக்கு உட்பட்ட குழுக்களில் உள்ள உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப அது நிறுவனத்திடம் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்திலும் மைக்ரோசாஃப்ட் 365 ஈ3யிலும் அது அடங்கும். பெயர் ஒத்திருக்கும் ஆஃபீஸ் 365 ஈ3யில் அடங்காது.

அந்த மாலை ஆம்பூரில் எண்ட்ரா பக்கத்தின் நீக்கப்பட்ட குழுக்கள் பட்டியலைத் திறந்தபோது பதினொரு குழுக்கள் இருந்தன. பரிசோதனை அறிக்கை இருந்த குழுவை முதலில் மீட்டோம். மீட்பு முழுமையடைய ஒரு நாள் வரை ஆகலாம் என்பதால், வாங்குநருக்கு மறுநாள் அனுப்புவதாக ஒரு வரி எழுதச் சொன்னேன். மற்ற பத்தையும் பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார்த்ததில், இரண்டை யாரும் கேட்கமாட்டார்கள் என்று மேலாளரே சொல்லிவிட்டார். எஞ்சியவற்றை மீட்டு, ஒவ்வொன்றுக்கும் புதிதாக இரண்டு உரிமையாளர்களைச் சேர்த்து முடித்தபோது இரவு ஷிப்ட் தொடங்கியிருந்தது.