சாரல் வருமுன் கஞ்சிராவுக்குத் தோல் மாற்ற

செங்கோட்டையிலும் தென்காசியிலும் ஆனிச் சாரல் பிடித்துவிட்டால், ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சிறு தோல்கருவியான கஞ்சிராவின் தோல் தானாகத் தொய்ந்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் கேட்கவே வேண்டாம். ஈரக்காற்றில் பசை இறுகாது, தோலில் பூஞ்சை பூக்கும். தோல் மாற்றும் வேலையைச் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள்.

புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்திய காலம் தொட்டு உடும்புத் தோலுக்குத்தான் பெயர். அந்த நாதத்துக்கு ஈடில்லை, உண்மைதான். ஆனால் உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம். ரகசியமாகத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். மெல்லிய குட்டி ஆட்டுத்தோல் போதும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தடிப்பு ஒரே சீராக இருக்கவேண்டும், தழும்பு கூடாது. வளையம் 7 அங்குலம் என்றால் தோல் 10 அங்குலமாவது வேண்டும்.

பழைய தோலை நனைத்து உரித்து, ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டுங்கள். வளையம் பலாவின் வைரப்பகுதியில், அதாவது முற்றிய உள்மரத்தில், கடைந்ததா என்று அப்போதே பார்த்துவிடலாம். வைரம் மஞ்சளாக இருக்கும். வெளுத்த வெளிமரத்தில் வண்டு துளைக்கும். விளிம்பில் கூர்மை இருந்தால் உப்புத்தாளால் மழுக்குங்கள், இல்லையேல் தோல் அங்கேயே வெட்டுப்படும்.

புதுத் தோலைப் பச்சைத்தண்ணீரில் துணிபோலத் துவளும்வரை ஊறப்போடுங்கள். வெந்நீர் வேண்டாம், சுருங்கிவிடும். வளையத்தின் வெளிப்பக்கம் புளியங்கொட்டைப் பசை தடவி, தோலைப் போர்த்தி, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி இழுங்கள். சுருக்கம் போனால் போதும். பலர் கெடுப்பது இங்கேதான்: முறுக்கேற இழுத்துவிடுகிறார்கள். காயும்போது தோல் தானே இறுகும். கூட இழுத்தால் கோடையில் கிழியும், இல்லாவிட்டால் பசைவிட்டுக் கழன்று வரும். நூல்கயிற்றால் சுற்றிக் கட்டி, 2 நாள் நிழலில் காயவிட்டு, மிச்சத்தை நறுக்குங்கள். வளையத்தில் சலங்கைபோல ஒலிக்கும் காசு கோத்த துளையைத் தோல் மறைக்கக்கூடாது.

வாசிக்குமுன் உட்புறம் சில துளி நீர் தெளித்து விரலால் பரப்பி, சற்றுப் பொறுங்கள். கணீரென்ற ஒலி இறங்கிக் கும்காரம், அதாவது கும்மென்ற ஆழ்ந்த நாதம், வரும். மொத்தென்று அடைத்தால் நீர் அதிகம். சாரல் நாளில் நீரே வேண்டியிராது. மாறாக, குண்டு பல்பின் சூட்டில் ஒரு முழம் தள்ளிக் காட்ட வேண்டிவரும்.