கள்ளு முட்டியிலிருந்து டி.என்.ஏ. வரிசை வரை: பனங்கள் மதுவத்தைப் பிரித்து இனங்காணும் முறை

நுண்ணங்கிகளின் மூலக்கூற்று உயிரியலில் ஆய்வு செய்ய வரும் மாணவர், எந்த நுண்ணங்கியில் தொடங்குவது என்றுதான் முதலில் தடுமாறுவார். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அது பனையிலேயே தொங்குகிறது. கள்ளில் உள்ள மதுவங்கள் (ஈஸ்ற்றுகள்) 30 பாகை செல்சியஸில் இரண்டு நாளில் கொலனி, அதாவது கண்ணுக்குத் தெரியும் கலக்குவியல், கட்டும். எங்கள் அறை வெப்பநிலையே கிட்டத்தட்ட அதுதான் என்பதால், அடைகாப்புப் பெட்டி பழுதானாலும் வேலை நிற்காது. அவற்றுள் முதன்மையான சக்கரோமைசிஸ் செரிவிசியேயின் முழு மரபணுத்தொகுதி 1996இல் வெளியாகிவிட்டது: சுமார் 1 கோடி 20 இலட்சம் கார இணைகள் (டி.என்.ஏ.யின் நீள அலகு), ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். ஒப்பிடுவதற்கு வேண்டிய தரவு எல்லாம் இருக்கிறது. இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கும் முதுதத்துவமாணியின் முதல் ஆறு மாதத்துக்கும் இது அளவான வேலை.

மாதிரி எடுத்தல்

பங்குனி, சித்திரையில் கள் தாராளமாகக் கிடைக்கும். தவறணையில் வாங்காதீர்கள். அங்கே இருப்பது பல மரத்துக் கள்ளின் கலவை. எந்த மதுவம் எந்த மரத்தில் இருந்தது என்று பிறகு சொல்லவே முடியாது. சீவல் தொழிலாளி காலையில் இறங்கி வந்ததும், மற்றக் கள்ளோடு சேர்த்து ஊற்றமுன், ஒரு தனி முட்டியிலிருந்து (கள் சேரும் பானை) எடுங்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியதா என்று கட்டாயம் கேளுங்கள். சுண்ணாம்பு பூசினால் பி.எச். ஏறி, நொதித்தல் அடங்கி, கருப்பநீர்தான் வரும்; மதுவம் சொற்பமாகவே கிடைக்கும். புது முட்டியா பழகிய முட்டியா என்பதும் முக்கியம். பழகிய முட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மண்டியே அடுத்த நாள் கள்ளுக்கு உறை போல வேலை செய்கிறது.

கிருமியழித்த 50 மில்லிலீற்றர் குழாயில் பாதி மட்டும் நிரப்பி, மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி விடுங்கள். இறுக்கி மூடினால் காபனீரொட்சைட்டு அமுக்கம் ஏறி, ஆய்வுகூடத்தில் திறக்கும்போது பாதி மாதிரி நுரையாகச் சீறிவிடும். குழாய் வெடிப்பதும் உண்டு. ஐஸ் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, மூன்று மணித்தியாலத்துக்குள் தட்டில் பரப்புங்கள். மரம், முட்டி, நேரம், பி.எச். நான்கையும் அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னேரம் நினைவிலிருந்து எழுதிய குறிப்பை நம்பி ஆய்வுக்கட்டுரை எழுத முடியாது.

ஊடகமும் ஐதாக்கலும்

500 மில்லிலீற்றருக்கு மதுவச் சாறு 5 கிராம், பெப்ரோன் 10 கிராம், குளுக்கோசு 10 கிராம், ஏகர் 10 கிராம். பற்றீரியாவை அடக்க 50 மில்லிகிராம் குளோரம்பெனிக்கோலைச் சிறிது எதனோலில் கரைத்துச் சேருங்கள். அது வெப்பத்தைத் தாங்குவதால் ஊடகத்தோடேயே கிருமியழிக்கலாம். 121 பாகையில் 15 நிமிடம் போதும். கூட நேரம் விட்டால் குளுக்கோசும் பெப்ரோனும் தாக்கமுற்று ஊடகம் தேயிலைச் சாய நிறமாகும். அதில் வளர்ச்சி மந்தம். பூஞ்சணத்தை அடக்கலாம் என்று சைக்கிளோஹெக்சிமைட்டு சேர்த்துவிடாதீர்கள். நீங்கள் தேடுகிற சக்கரோமைசிஸ்தான் முதலில் அடங்கும்.

போத்தலைக் கையால் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 50 பாகைக்கு, ஆறிய பிறகே தட்டில் ஊற்றுங்கள். அதற்கு முன் ஊற்றினால் மூடியில் நீர் கோர்த்துச் சொட்டி, கொலனிகள் ஒன்றோடொன்று வழிந்து கலந்துவிடும். தட்டுக்கு 20 மில்லிலீற்றர் வீதம் 25 தட்டு வரும். ஓர் இரவு கவிழ்த்து உலரவிடுங்கள்.

ஐதாக்கலுக்கு 0.85 சதவீத உப்புக்கரைசலை 9 மில்லிலீற்றர் வீதம் ஆறு குழாய்களில் எடுங்கள். முதற் குழாயில் 1 மில்லிலீற்றர் கள், அதிலிருந்து 1 மில்லிலீற்றர் அடுத்ததில் என்று போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பிப்பெற் முனையை மாற்றாவிட்டால், முனையில் ஒட்டிய கலங்கள் கடைசிக் குழாய் வரை போய் எண்ணிக்கையைப் பொய்யாக்கும். கடைசி மூன்று குழாய்களிலிருந்து 0.1 மில்லிலீற்றர் வீதம் பரப்புங்கள். 30 முதல் 300 வரை கொலனி உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். ஐந்தாம் குழாய்த் தட்டில் 84 கொலனி இருந்தால், 84ஐ 10 ஆலும் பிறகு 1 இலட்சத்தாலும் பெருக்க வேண்டும்: மில்லிலீற்றருக்கு 8 கோடி 40 இலட்சம் கலங்கள்.

தூய வளர்ப்பு

அவசரப்படுபவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். 1883இல் கோப்பன்ஹேகனில் எமில் ஹன்சன் ஒற்றைக் கலத்திலிருந்து மதுவம் வளர்த்துக் காட்டிய நாளிலிருந்து, தூய்மை உறுதியாகாத வளர்ப்பில் செய்த வேலையை எவரும் ஏற்பதில்லை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில கொலனிகள் வெண்ணெய்த் துளிபோல் மினுங்கிக் குவிந்திருக்கும். சில மங்கலாய், தட்டையாய், ஓரம் கிழிந்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு வடிவத்திலும் மூன்று கொலனியாவது எடுத்து, புதுத் தட்டில் கோடிழுத்து வளருங்கள். அதில் தனித்து நிற்கும் ஒன்றை மறுபடி கோடிழுங்கள். மூன்று சுற்று வேண்டும். கள்ளு மதுவங்கள் ஒட்டிக்கொண்டு வருபவை என்பதால் ஒரு சுற்றில் பிரியாது. பிறகு நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் அரும்பும் கலங்களைத் தேடுங்கள். இடையில் மிகச் சிறிய கோல்களோ மணிச்சரங்களோ தெரிந்தால் பற்றீரியா கலந்திருக்கிறது, திரும்பத் தொடங்குங்கள்.

கள்ளில் கண்டிடா ட்ரொப்பிக்காலிஸ் போன்ற, நோயெதிர்ப்புக் குறைந்தவர்களைத் தாக்கும் இனங்களும் வரலாம். வளர்ப்பை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கழிவைக் கிருமியழித்த பிறகே எறியுங்கள்.

சேமிப்புக்கு 500 மைக்றோலீற்றர் வளர்ப்பு, அதே அளவு 50 சதவீதக் கிளிசரோல், மறை 80 பாகை. பெயரை மூடியில் மட்டும் எழுதினால் எதனோல் பட்டு அழிந்துவிடும்; பக்கத்திலும் எழுதுங்கள். கரண்ட் நம்பமுடியாத இடத்தில் குளிரூட்டி ஒன்றை மட்டும் நம்புவது சரியல்ல. கிருமியழித்த காய்ச்சிவடித்த நீரில் கலங்களைக் கலக்கி, இறுக மூடி அலுமாரியில் வைத்தாலும் மதுவம் நீண்டகாலம் உயிரோடிருக்கும். 1939இல் இந்த முறையை எழுதிய அல்டோ கஸ்ரெல்லானி, 1903இலிருந்து கொழும்பில் அரசாங்க நுண்ணங்கியியலாளராக இருந்தவர். இன்றைக்கும் எங்கள் சூழலுக்கு இதைவிட மலிவான காப்புறுதி இல்லை.

டி.என்.ஏ. எடுத்தல்

விலையுயர்ந்த கிட் தேவையில்லை. 200 மில்லிமூலர் லிதியம் அசற்றேற்றும் 1 சதவீத எஸ்.டி.எஸ். என்ற சவர்க்காரப் பொருளும் கலந்த கரைசலில் 100 மைக்றோலீற்றர் எடுத்து, குண்டூசித் தலையளவு கொலனியைக் கரையுங்கள். 70 பாகையில் 5 நிமிடம். 300 மைக்றோலீற்றர் எதனோல் சேர்த்து நன்கு குலுக்கி, 15,000 ஜீ (புவியீர்ப்பின் 15,000 மடங்கு) விசையில் 3 நிமிடம் மையநீக்குங்கள். அடியில் படிந்ததை 70 சதவீத எதனோலால் கழுவி உலர்த்தி, 100 மைக்றோலீற்றர் நீரில் கலக்கி, 15 செக்கன் மையநீக்கினால் மேல்நீரில் டி.என்.ஏ. இருக்கும். அதில் 1 மைக்றோலீற்றர் போதும். கொலனியைக் கூடுதலாக எடுத்தால் நல்லது என்று நினைப்பதுதான் பலரும் விடும் பிழை. கூட எடுத்தால் கலக்கழிவும் எஸ்.டி.எஸ்.உம் மிஞ்சி, டி.என்.ஏ. துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் நொதியத்தை முடக்கும்.

பி.சி.ஆர்.

முதலில், இனத்துக்கு இனம் நீளம் மாறும் ஐ.டி.எஸ். பகுதியைப் பெருக்க ஐ.டி.எஸ்.1, ஐ.டி.எஸ்.4 பிரைமர்கள் (பெருக்கும் பகுதியின் இரு முனையையும் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்). 25 மைக்றோலீற்றருக்கு: இரட்டைச் செறிவு மாஸ்ற்றர் மிக்ஸ் (நொதியமும் மற்றவையும் கலந்த ஆயத்தக் கலவை) 12.5, 10 மைக்றோமூலர் பிரைமர் ஒவ்வொன்றும் 1, டி.என்.ஏ. 1, நீர் 9.5. 95 பாகையில் 5 நிமிடம். பிறகு 95 பாகையில் 30 செக்கன், 55 பாகையில் 30 செக்கன், 72 பாகையில் 1 நிமிடம் என 35 சுற்று. கடைசியில் 72 பாகையில் 7 நிமிடம். இயந்திரத்தை யு.பி.எஸ். இல்லாமல் ஓடவிடாதீர்கள். இடையில் கரண்ட் போன ஓட்டத்தின் முடிவை ஏற்காமல் திரும்பச் செய்யுங்கள்.

டி.என்.ஏ.க்குப் பதில் நீர் இட்ட ஒரு குழாயும், வெதுப்பகத்துக்கு விற்கும் உலர்ந்த ஈஸ்ற்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ. இட்ட ஒரு குழாயும் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். பாண் ஈஸ்ற் சக்கரோமைசிஸ் செரிவிசியேதான். அதைவிட மலிவான ஒப்பீட்டு நியமம் கிடைக்காது.

பிறகு டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரிக்கும் 1.5 சதவீத அகரோசு ஜெல்லில் 90 வோல்ற்றில் 45 நிமிடம் ஓட்டுங்கள். சக்கரோமைசிஸ் செரிவிசியே ஏறத்தாழ 850 முதல் 880 கார இணையில் நிற்கும், ஹன்செனியாஸ்போரா 750 அளவில், பிச்சியா குட்ரியாவ்செவி 510 அளவில். 530 அளவில் வரும் கண்டிடா ட்ரொப்பிக்காலிஸை இந்த ஜெல்லில் பிச்சியாவிலிருந்து பிரித்தறிய முடியாது. டி.என்.ஏ.யைக் குறித்த இடங்களில் வெட்டும் ஹே-3 நொதியத்தால் வெட்டிப் பார்த்தால் சக்கரோமைசிஸ் 320, 230, 180, 150 என்று நான்கு துண்டாகும். இப்படி 40 வளர்ப்புகளைச் சில குழுக்களாக்கி, குழுவுக்கு இரண்டை மட்டும் வரிசைப்படுத்த அனுப்பலாம், பணம் மிச்சம்.

ஜெல்லில் பட்டி (டி.என்.ஏ. கோடு) வராவிட்டால் டி.என்.ஏ.யைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு ஐதாக்கிப் பாருங்கள். நீர்க் குழாயில் பட்டி வந்தால் நீர், பிரைமர் எல்லாவற்றையும் எறிந்து புதிதாக எடுங்கள். அந்த ஓட்டத்தில் வந்த மற்றப் பட்டிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது. இரண்டு பட்டி வந்தால் அநேகமாக வளர்ப்பு தூயதல்ல. கோடிழுக்கும் தட்டுக்குத் திரும்புங்கள்.

வரிசையும் பெயரும்

இனத்தின் பெயரைச் சொல்ல என்.எல்.1, என்.எல்.4 பிரைமர்களால் 26எஸ் றைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவின் டி1/டி2 பகுதியைப் பெருக்குங்கள். இணைக்கும் வெப்பநிலை 52 பாகை. நீளம் ஏறத்தாழ 600. இரு திசையிலும் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். வந்ததும் எழுத்துக் கோப்பைத் திறக்காமல் அலைவரைபை (ஒவ்வொரு காரத்தையும் ஒரு சிகரமாகக் காட்டும் வரைபு) திறந்து பாருங்கள். முதல் 30, 40 காரங்கள் குழம்பியிருக்கும், வெட்டிவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு சிகரம் இருந்தால் அதை ஊகித்துத் திருத்தக்கூடாது.

பிறகு, பதிவான வரிசைகளோடு ஒப்பிடும் இணையக் கருவியான பிளாஸ்ற்றில் தேடுங்கள். பட்டியலின் முதற் பெயரைக் கண்ணை மூடி எடுக்காதீர்கள். பிழையான பெயரோடு பதிவான வரிசைகளும் அங்கே உண்டு. அந்த இனத்தின் வகைமாதிரி விகாரத்தோடு (இனத்துக்குப் பெயர் வைத்தபோது மாதிரியாகக் குறித்த வளர்ப்பு) ஒப்பிடுங்கள். 600இல் 3 கார வேறுபாடு வரை பொதுவாக ஒரே இனம்; 6 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் வேறு இனம். நடுவில் விழுந்தால் ஐ.டி.எஸ். பகுதியையும் வரிசைப்படுத்தாமல் பெயர் வைக்காதீர்கள்.

ஜென்பாங்கு என்ற பொது வரிசைத் தரவுத்தளத்தில் பதியும்போது விகாரத்தின் பெயராக, கிளிசரோல் குழாயில் எழுதிய அதே குறியீட்டைக் கொடுங்கள். கூடவே ஊர், திகதி, பனங்கள் என்ற மூலம். இன்னொருவர் அந்தப் பதிவெண்ணைக் கண்டு வளர்ப்பைக் கேட்டு எழுதினால், எந்தப் பனையின் எந்த முட்டி என்பது வரை உங்கள் குறிப்புப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.