அறிக்கையை அனுப்பும் முன் வரிசைகளை எண்ணிவிடுங்கள்

அலுவலகத் தரவுத்தளத்திலிருந்து ஒரு பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கி, அதன் கூட்டுத்தொகையை மேலாளருக்கு அனுப்புவதற்கு முன்பு, மூலத்தில் எத்தனை பதிவுகள் உள்ளன, கோப்பில் எத்தனை வரிசைகள் உள்ளன என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். எக்செலின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் கோப்பின் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. புதிய வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பில் அந்த வரம்பு 10,48,576 ஆகும். வரம்பைத் தாண்டிய பதிவுகள் எச்சரிக்கை ஏதுமின்றியே விடுபட்டுப் போகக்கூடும்.

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரங்கள் இத்தகைய கோப்புச் சிக்கலால் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமானது. விடுபட்ட ஒவ்வொரு வரிசையும் ஒரு மனிதர் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இடைவெளியின்றி நிரம்பிய ஒரு நெடுவரிசையில் நின்று, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால் கடைசி வரிசைக்குச் சென்றுவிடலாம். அதன் வரிசை எண்ணிலிருந்து தலைப்புக்காக ஒன்றைக் கழித்தால் பதிவுகளின் எண்ணிக்கை கிடைக்கும். கழிப்பதற்கு முன் அந்த வரிசை எண் மிகச் சரியாக 65,536 என்று நின்றால், கோப்பு பாதியில் வெட்டுப்பட்டதா என்று சரிபார்க்காமல் அதை எவருக்கும் அனுப்ப வேண்டாம்.