காது கேளாதவர் ஓ.பி.க்கு வந்தால்

பெரும்பாலும் முதல் தவறு டோக்கன் கூப்பிடும்போதே நடந்துவிடுகிறது. வாசலில் நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரும் எழுந்து வராததால் சீட்டு அடிக்குப் போய்விடும். ஆள் எதிர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். சீட்டு போடும்போதே அதன் மேல் ‘காது கேளாதவர், அருகில் போய் அழைக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 25ஆம் பிரிவில் சிகிச்சைக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. எனவே அவரை முன்னால் விடத் தயங்க வேண்டாம்.

சைகையா, எழுத்தா, உதட்டசைவா, எது வசதி என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் என்றால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். தொற்று அபாயம் இல்லாத இடத்தில் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசுங்கள். கத்தினால் உதட்டின் வடிவம் கோணிப்போகும், காதுக் கருவி வைத்திருப்பவருக்கு ஒலியும் சிதறும். இத்தனை செய்தும் உதட்டை மட்டும் நம்ப முடியாது: ‘மருந்து’, ‘பருந்து’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். க, ங எல்லாம் தொண்டைப் பக்கம் பிறப்பவை, வெளியே தெரியவே தெரியாது. அதனால் மாத்திரை பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதியே கொடுங்கள்.

எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறு வயதிலிருந்து சைகையில் வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. ‘உணவுக்குப் பின் உட்கொள்ளத் தவறாதீர்கள்’ என்று எழுதினால் ‘தவறாதீர்கள்’ என்ற இடத்தில் குழம்பலாம். ‘சாப்பிடு. பிறகு 1 மாத்திரை. காலை, இரவு.’ இவ்வளவு போதும். பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்தால் இன்னும் நல்லது. ‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, எப்போது எத்தனை என்று அவரையே காட்டச் சொல்லுங்கள்.

கூட வந்த அம்மாவையோ பத்து வயது மகனையோ மொழிபெயர்ப்பாளராக வைத்து அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்குவது ஆபத்து. பாதியை அவர்களே சுருக்கிவிடுவார்கள். கர்ப்பம், பால்வினை நோய், வீட்டில் அடி உதை போன்றவை பற்றி நோயாளி அவர்கள் முன்னால் வாயே திறக்க மாட்டார். பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளரை நேரிலோ வீடியோ அழைப்பிலோ வரவழையுங்கள். அவர் வந்த பிறகும் நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும்.

டிரிப்ஸ் ஊசி குத்துமுன் அவர் எந்தக் கையால் சைகை செய்கிறார் என்று பாருங்கள். அந்தக் கையில் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் விடும் சிறு குழாய்) போட்டு டேப் சுற்றினால் அவர் வாயைக் கட்டியதற்குச் சமம். பலரும் கோட்டைவிடுவது இதில்தான்.

பிரசவ அறையில் படுத்திருக்கும் நிலையில் கால்மாட்டில் நிற்பவரின் முகம் காது கேளாத தாய்க்குத் தெரியாது. வலி கூடுவதற்கு முன்பே குறி பேசி வைத்துக்கொள்ளுங்கள்: முழங்காலை அழுத்தினால் முக்கு, இரண்டு முறை தட்டினால் நிறுத்து. தலைமாட்டில் ஒருவர் நிற்கட்டும்.

காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) உள்ளவருக்குத் தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (உடல் வழியே மின்சாரம் பாய்ச்சித் திசுவைச் சுடும் கருவி) வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் இம்பிளான்ட் அட்டையில் மாடலைச் சரிபாருங்கள், உள்ளே காந்தம் இருக்கும். சாதாரணக் காதுக் கருவியை ஸ்கேன் அறை வாசலிலேயே கழற்ற வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் அதை மயக்கம் கொடுக்கும் வரை விட்டு வையுங்கள், கண் விழித்ததும் திரும்ப மாட்டுங்கள். கழற்றியதைப் பெயர் எழுதிய டப்பாவில் போடுங்கள், துணியோடு சுருட்டி வைத்தால் தொலைந்துவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது ‘ரிப்போர்ட் வந்ததும் போன் பண்ணுகிறோம்’ என்று சொல்லிவிடாதீர்கள். வாட்ஸ்அப் எண் வாங்கி, குறுஞ்செய்தியாக அனுப்புங்கள்.