பக்கத்து வீடு என்று நினைத்துப் போகாதீர்கள்: எரிமலைத் தீவுகளில் சிங்கப்பூரர்கள் செய்யும் தவறுகள்

சாங்கியில் விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் பாலி. இந்த அருகாமைதான் வம்பு. ஜப்பானுக்குப் போவதென்றால் பத்துப் பேரிடம் விசாரித்துப் பட்டியல் போடுகிற நாம், பாலிக்கும் லொம்போக்குக்கும் மட்டும் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகிற மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நம் ஊர் அளவுகோல் அங்கே செல்லாது. சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று, 164 மீட்டர். லொம்போக்கில் நிற்கும் ரிஞ்சானி எரிமலை 3,726 மீட்டர்.

சுமத்ராவில் தொடங்கி ஜாவா, பாலி, லொம்போக், சும்பாவா, ஃபுளோரெஸ் என்று வில் போல வளைந்து போகிறது இந்தோனேசியாவின் இந்தத் தீவு வரிசை. தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு இந்தத் தீவுகளுக்குக் கீழே சரிந்து இறங்குகிறது. இறங்கும் தட்டு தன்னோடு கொண்டுபோகும் நீர் ஆழத்தில் வெளியேறி, மேலே உள்ள பாறையை எளிதில் உருக வைக்கிறது. உருகிய குழம்பு மேலேறி எரிமலையாகிறது. சிங்கப்பூர் இந்த விளிம்பிலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால் நமக்கு எரிமலை இல்லை. சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் வீவக அடுக்குமாடிகளில் மேல்மாடி விளக்கு லேசாக ஆடும், அவ்வளவுதான்.

எல்லாத் தீவும் எரிமலைத் தீவு என்று நினைப்பது இங்கே வரும் முதல் குழப்பம். நூசா பெனிடா, பாலியின் தென்முனையில் உலுவாத்து இருக்கும் பகுதி, சும்பா ஆகியவை சுண்ணாம்புக்கல். கடலுக்கடியில் பவளமாக வளர்ந்து மேலே எழும்பியவை. அதனால்தான் அங்கே வெள்ளைப் பாறை, வறண்ட மண். பாலியின் வடக்கே லொவினாவிலோ கிழக்கே ஆமெட்டிலோ அறை போட்டுவிட்டு, 'மணல் கறுப்பாக இருக்கிறதே, அழுக்கா?' என்று கேட்பவர்கள் உண்டு. அழுக்கில்லை, எரிமலைக் கல் பொடிந்த மணல். வெள்ளை மணல்தான் வேண்டுமென்றால் தெற்கே போகவேண்டும். சுண்ணாம்புப் பாறையின் அடியை அலை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். நூசா பெனிடாவில் படம் எடுக்க விளிம்பில் நிற்கும்போது கால் வைத்திருக்கும் இடத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

கடிகாரம் ஏமாற்றும்

நமக்குச் சூரியன் ஏழு மணிக்கு உதிக்கும். ஆண்டு முழுக்க ஏறக்குறைய அதே நேரம்தான். நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு அது இயற்கையான நேரமே இல்லை. 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததன் விளைவு. கிழக்கு ஜாவாவின் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். அங்கே டிசம்பரில் ஐந்து மணியைத் தாண்டியதுமே சூரியன் எட்டிப் பார்த்துவிடும். பாலியில் நம் நேரமேதான், ஆனால் அது கிழக்கே இருப்பதால் விடியல் நமக்கு முன்பே.

கிழக்கு ஜாவாவின் ஈஜென் மலையை முடித்துவிட்டு, அங்குள்ள கெத்தாபாங்கிலிருந்து பாலியின் கிலிமானுக்குக்குப் படகில் வந்தபோது நாங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். ஜாவாவுக்கும் பாலிக்கும் நடுவே இருப்பது ஒரு சின்ன நீரிணை, எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் இறங்கும்போது ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கும். என் கைக்கடிகாரம் ஜாவாவிலேயே நின்றுகொண்டிருக்க, கரையில் ஏற்பாடு செய்திருந்த வண்டி எங்களுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. டிரைவர் மேல் குற்றமில்லை.

குளிருமா என்ற கேள்வி

குளிரும். வெப்பமண்டலம் என்ற சொல்லை நம்பி, கிழக்கு ஜாவாவின் புரோமோ எரிமலைக்கு அரைக்கால் சட்டையில் போனவர்கள், விடியற்காலையில் வாடகை ஜாக்கெட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கடற்கரையில் 27 டிகிரி என்றால் ரிஞ்சானி உச்சியில் மூன்றோ நான்கோதான். அதற்கு மேல் காற்று. ஜூலை, ஆகஸ்டில் புரோமோ பக்கம் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் அதுதான் அவர்களுடைய குளிர்காலம்.

பருவத்திலும் நம் கணக்கு தப்பும். ஜூன் பள்ளி விடுமுறை நல்ல காலம், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் வறட்சி. டிசம்பர் விடுமுறை மழையில் மாட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ரிஞ்சானி ஏறும் பாதைகளை வழக்கமாக மூடிவிடுவார்கள். பாலியின் மேற்குக் கரையான கூத்தாவில் அதே மாதங்களில்தான் மேற்குப் பருவக்காற்று குப்பையைக் கொண்டுவந்து ஒதுக்கும். படத்தில் பார்த்த கடற்கரையைத் தேடிப் போய் மனம் நொந்து திரும்பாதீர்கள்.

எரிமலை சொல்வதைக் கேளுங்கள்

இதுதான் உயிர் விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'தினமும் ஆயிரம் பேர் ஏறுகிறார்கள், நமக்கு மட்டும் என்ன?' என்பதே பெரும்பாலானவர்களின் வாதம். மேற்குச் சுமத்ராவின் மராப்பியில் 2023 டிசம்பர் 3 அன்று ஏறியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மலை திடீரென வெடித்ததில் 24 பேர் இறந்தார்கள். உச்சியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்ற அறிவுரை அப்போதே நடப்பில் இருந்தது. (யோக்யகர்த்தாவுக்குப் பக்கத்தில் இருப்பது மெராப்பி. இரண்டும் வேறு வேறு மலைகள். செய்தியில் பெயரைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்யும் முன் எந்த மலை என்று பாருங்கள்.)

இந்தோனேசியாவில் எரிமலைகளுக்குக் கீழிருந்து மேலாக நான்கு எச்சரிக்கை நிலைகள்: நார்மல், வாஸ்பாடா, சியாகா, அவாஸ். மலாய் தெரிந்தவர்களுக்கு 'அவாஸ்' (ஜாக்கிரதை) என்பதை விளக்க வேண்டாம். எந்த மலை எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பதை 'மாக்மா இந்தோனேசியா' என்ற அரசாங்க இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வழிகாட்டி 'பரவாயில்லை' என்று சொல்வது அவருடைய அன்றைய வருமானத்துக்காகவும் இருக்கலாம்.

நீங்கள் மலைப்பக்கமே போகாவிட்டாலும் சாம்பல் உங்களைத் தேடி வரும். ஃபுளோரெஸில் லெவோதோபி லாக்கி-லாக்கி 2024 நவம்பரில் வெடித்தபோது, சுமார் 800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலிக்கு விமானங்கள் ரத்தாயின. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் இல்லை. நொறுங்கிய கல்லும் கண்ணாடித் துகளும். இன்ஜின் சூட்டில் அது உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தின் நான்கு இன்ஜின்களும் மேற்கு ஜாவாவின் காலுங்குங் சாம்பலில் நின்றுபோயின. மிதந்து இறங்கி, இன்ஜின்கள் மறுபடி உயிர்பெற்று, ஜகார்த்தாவில் தரையிறங்கியது. சில வாரங்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜம்போ ஒன்றும் அதே மலையின் சாம்பலில் சிக்கியது. ஆகவே விமானம் ரத்தானால் முகப்பில் நின்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

காப்புறுதியை எப்போது வாங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மலை வெடித்த செய்தி வந்த பிறகு வாங்கினால், அது ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று சொல்லி இழப்பீட்டை மறுப்பதே பொதுவான வழக்கம். டிக்கெட் வாங்குகிற அன்றே வாங்கிவிடுங்கள். அப்புறம், கார் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு பாலியில் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தாலும் காப்புறுதி கைகொடுக்காது.

ஈஜெனில் கந்தக வாயு எரிந்து தெரியும் நீலச்சுடரைப் பார்க்க நள்ளிரவில் ஏறுகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கீழே பள்ளத்தில் இறங்கவே வேண்டாம். மருந்துக்கடை முகக்கவசம் அந்த வாயுவை நிறுத்தாது, வாடகைக்குக் கிடைக்கும் வடிகட்டி வைத்த கவசத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கந்தகக் கட்டிகளைத் தோளில் சுமந்து வரும் தொழிலாளிக்கு வழிவிடுங்கள், அவரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

பாலிக்குப் போகும் தமிழ் இந்துக்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. 'நம்ம சாமிதானே' என்று நேரே உள்ளே நுழைவது. அவர்களுடைய காலை வழிபாடு காயத்ரி மந்திரத்தில்தான் தொடங்குகிறது, உண்மை. ஆனால் கோயிலுக்குள் நம் ஊர் மாதிரி சிலையைத் தேடினால் இருக்காது. பத்மாசனம் என்ற உயரமான கல்பீடம் இருக்கும், அதன் ஆசனம் காலியாக இருக்கும். உள்முற்றம் வழிபட வருபவர்களுக்கானது, சுற்றுப்பயணிக்கானதல்ல. கைலியும் இடுப்பில் துணியும் கட்டாமல் வாசலே தாண்டமுடியாது. மாதவிடாய், சாவுத் தீட்டு இரண்டுக்கும் அங்கே தடை உண்டு, அறிவிப்புப் பலகையே வைத்திருப்பார்கள். நடைபாதையில் தென்னங்குருத்துத் தட்டில் பூ வைத்திருப்பார்கள், அதற்குப் பெயர் சானாங் சாரி. அதைத் தாண்டக்கூடாது, சுற்றிப் போகவேண்டும்.

ஆகுங் மலைச்சரிவில் இருக்கும் பெசாக்கிதான் அவர்களுக்குத் தாய்க்கோயில். 1963ல் அங்கே நூறாண்டுக்கு ஒருமுறை நடக்கவேண்டிய ஏக தச ருத்ரா சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே மலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கோயில் தப்பியது. அந்த மலை அவர்களுக்கு வெறும் மலையேற்ற இடமில்லை என்பது இதிலிருந்தே புரியும். பெரிய விழா நாட்களில் ஏற விடமாட்டார்கள், வாதாடாதீர்கள்.

ஞெப்பி என்ற, சக ஆண்டுக் கணக்குப்படியான வருடப்பிறப்பு வழக்கமாக மார்ச்சில், பல ஆண்டுகளில் யுகாதியை ஒட்டி வரும். அன்று காலை ஆறு முதல் மறுநாள் ஆறு வரை தீவே அடங்கிவிடும். விமான நிலையமும் மூடியிருக்கும். நம் மார்ச் பள்ளி விடுமுறையோடு அது மோதும் ஆண்டுகளில், ஹோட்டல் அறைக்குள் ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளைச் சமாளிக்கவேண்டியிருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'டாகிங் வேண்டாம்' என்று மலாயில் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். டாகிங் என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான், கோழியும் மீனும் தட்டில் வந்து சேரும். காய்கறிக் குழம்பிலும் சம்பலிலும் கடோ-கடோ சாற்றிலும் தெராசி இருக்கும். நம் பெலாச்சானேதான் அது, இறால் விழுது. 'தன்பா தெராசி' (தெராசி இல்லாமல்) என்று தனியாகச் சொல்லவேண்டும்.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள் விசா வேண்டாம். வீட்டில் ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால், அவர் நிரந்தரவாசியாகவே இருந்தாலும், 500,000 ரூப்பியாவுக்கு விசா எடுக்கவேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பி வர அவருக்கு வேண்டிய ரீ-என்ட்ரி பெர்மிட்டின் தேதியையும் கிளம்பும் முன் பாருங்கள். பாலியில் எல்லா வெளிநாட்டவருக்கும் 2024 பிப்ரவரி முதல் 150,000 ரூப்பியா சுற்றுலாக் கட்டணம் தனி. பூஜ்யங்களை எண்ணிக் கொடுங்கள், ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் கைமாறுவது சாதாரணம்.

கடைசியாக, முக்குளிப்பவர்களுக்கு. பாலியின் துலாம்பெனில் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிக் கிடக்கும் 'லிபர்ட்டி' கப்பல் 1942ல் தாக்கப்பட்டுக் கரையேற்றப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையில் கிடந்த அதை 1963ல் ஆகுங் வெடிப்புதான் கடலுக்குள் தள்ளியது. காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் கிந்தாமணிக்குக் காரில் ஏறுவது பலருடைய திட்டத்தில் இருக்கிறது. கிந்தாமணி சுமார் 1,500 மீட்டர் உயரம். முக்குளித்த உடம்பில் தங்கியிருக்கும் நைட்ரஜனுக்கு மலைச்சாலையும் விமானம் மாதிரிதான்: மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து, அது உடம்புக்குள் குமிழாகி ஆபத்தாகலாம். முதல் நாள் மலை, அப்புறம் கடல், அதற்குப் பிறகு ஒரு நாள் முழுசாகத் தரையில் சும்மா இருந்துவிட்டு விமானம் ஏறுங்கள்.