விபத்து நடந்த இடத்தில் முதல் குரல்

சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் கூட்டம் உடனே கூடிவிடுகிறது. ஆனால் வேறு யாராவது அழைத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வதால், 108-க்கு அழைப்புப் போவதுதான் தாமதமாகிறது. அத்தகைய நேரத்தில் "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று பொதுவாகக் கத்துவதைவிட, ஒருவரை நேராகப் பார்த்து, "நீலச் சட்டை அண்ணா, நீங்கள் 108-க்கு அழைத்து, எதிரே இருக்கும் பெட்ரோல் பங்கை அடையாளமாகச் சொல்லுங்கள்" என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். இன்னொருவரிடம் வண்டிகளை ஒதுக்கி அனுப்பும்படியும், கைப்பேசியில் படம் எடுப்பவரிடம் (இவர் எங்கும் தவறாமல் இருப்பார்) சற்று விலகி நிற்கும்படியும் சொல்லலாம். அவரைத் திட்டினால் சண்டைதான் தொடங்குமே தவிர, வழி கிடைக்காது. அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைப்பதும் தண்ணீர் புகட்டுவதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் தீங்குகள்; இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரை உரிமையியல், குற்றவியல் நடவடிக்கைகளிலிருந்து காக்கிறது. 2020-இல் வந்த விதிகளின்படி, பெயரையும் முகவரியையும் தரும்படி அவரைக் காவலரோ வேறு எவருமோ கட்டாயப்படுத்தக் கூடாது.