வாசகசாலைப் பலகையில் இரட்டையர் டென்னிஸ் முடிவு எழுதும் முறை

கேரள-தமிழக எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாசகசாலையில் டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணாவின் பெயரை மலையாளப் பத்திரிகை 'பொப்பண்ண' என்று போடும், தமிழ்ப் பத்திரிகை 'போபண்ணா' என்று போடும். முதல் நாளே ஒன்றை முடிவு செய்து, தொடர் முடியும்வரை அதையே எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆட்டக்காரர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு.

ஜெயித்த ஜோடியின் பெயர்தான் முன்னால் வரும். ஸ்கோரும் அவர்கள் பக்கத்திலிருந்தே: முதல் செட்டை இழந்து ஜெயித்திருந்தால் 4-6, 6-3 என்றே தொடங்கும். பார்க்க அழகாக இல்லையே என்று 6-4 ஆக்கிவிடாதீர்கள்.

அதிகம் தவறுவது டைபிரேக்கில், அதாவது செட் 6-6 ஆனால் அதை முடிவு செய்ய ஆடும் புள்ளி ஆட்டத்தில். அடைப்புக்குறிக்குள் இருப்பது அதில் தோற்றவர்களின் புள்ளி மட்டும். 2024 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ரோகன் போபண்ணா, மேத்யூ எப்டன் ஜோடி, இத்தாலியின் பொலெல்லி, வவசோரி ஜோடியை 7-6(0), 7-5 என வென்றது. அந்தப் பூஜ்யம் அச்சுப்பிழை அல்ல, டைபிரேக் 7-0. உள்ளே 5 வரை இருந்தால் வென்றவர்களுக்கு 7 புள்ளி. 6 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டைக் கூட்டுங்கள். 7-6(8) என்றால் 10-8.

மூன்றாவது செட்டில் இந்தக் கணக்கு உதவாது. கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய தொடர்களில் 2022 முதல் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக். அங்கே 7-6(3) என்றால் 10-3. அந்த இடத்தில் மட்டும் இரு எண்களையும் முழுதாக எழுதிவிடுவது நல்லது. ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) தொடர்களிலோ ஆளுக்கொரு செட் ஆனால் மூன்றாவது செட்டே கிடையாது; நேராக 10 புள்ளி மேட்ச் டைபிரேக், [10-7] என்று சதுர அடைப்பில் எழுதுங்கள். சில செயலிகள் இதையே 1-0 என்று காட்டும், அதைப் பார்த்து எழுதக் கூடாது. பழைய விம்பிள்டன் முடிவில் ஐந்து செட் வந்தால் பதறாதீர்கள். 2022 வரை அங்கே ஆண்கள் இரட்டையர் ஐந்து செட் ஆட்டம்தான்.

பாதியில் விலகினால் நின்ற ஸ்கோரோடு 'விலகல்': 6-4, 2-1 விலகல். களமிறங்கவே இல்லையென்றால் 'வாக்ஓவர்', ஸ்கோர் எதுவும் வேண்டாம். அதற்கு 6-0, 6-0 போடுவது நடக்காத ஆட்டத்தை நடந்ததாகச் சொல்வது.

16 ஜோடி டிராவில் (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) 15 ஆட்டம். இடது ஓரத்தில் 5 செ.மீ. இடைவெளியில் 16 வரி; அடுத்த நிரலின் ஒவ்வொரு வரியும் இரண்டு வரிகளுக்கு நடுவே. முதல் சீடு (தரவரிசைப்படி தொடரில் தரும் எண்) மேல் வரி, இரண்டாம் சீடு அடிவரி. குடும்பப் பெயர் போதும். பிரையன் சகோதரர்கள் போல ஒரே பெயர் வந்தால் மட்டும் பாப், மைக் சேருங்கள். சீடு எண் ஜோடிக்கானது, ஆளுக்கானது அல்ல. ஒருவர் அடுத்த வாரம் வேறு துணையோடு வந்தால் பழைய எண்ணை அழித்துவிட வேண்டும்.

தேதியையும் கவனியுங்கள். செப்டம்பரில் நியூயார்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30. பலகையில் ஆட்டம் நடந்த ஊரின் தேதியைப் போடுங்கள்.